வார்த்தை கேட்காத செவி

செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்குச் செவியின் விளக்கு மஞ்சளானது.

பூங்கொடி தோசைக்கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். சமையலறைக் கதவு நிலைக்கு மேல், உள்ளங்கை அகலத்தில் வெள்ளையாகப் பொருத்தியிருக்கும் அந்தக் கருவியைப் பார்க்காமல் அவள் எதையும் செய்வதில்லை. சாமி படத்தைக்கூட அத்தனை தரம் பார்த்ததில்லை. எழுந்தபோது பச்சையாகத்தான் இருந்தது.

காலால் தரையைத் தட்டினாள். கூடத்தில் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்த சம்பத்துக்குத் தட்டியது கேட்கவில்லை, பாதத்தில் தெரிந்தது. திரும்பினான்.

'மேல பாருங்க' என்றாள். குரல் இல்லை, உதடு மட்டும்.

பார்த்தான். அவனும் உதட்டாலேயே சொன்னான். 'நாமதான் பேசவே இல்லியே.'

இருவருக்கும் தறியில் பாதி வயசு போயிருந்தது. காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இன்னும் பழைய விசைத்தறிகள்தான். கொட்டகைக்குள் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் உள்ளே எல்லாரும் உதட்டாலும் கையாலும் பேசிக்கொள்வார்கள். வெளியே வந்தால் அதற்கு நேர்மாறு. பாதிக் காது போனவர்களின் ஊர். யாருக்கும் மெல்லப் பேசத் தெரியாது. பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள், இந்த ஊரில் தீப்பெட்டி கேட்டாலும் சண்டைக்கு வருவதுபோல இருக்கும் என்பார்கள்.

வீட்டுக்குள் பெண்கள் அடிபடாமல் காக்க அரசாங்கத்தின் ஒரு துறை வைத்த செவிக்கு இதெல்லாம் தெரியாது. சென்னையில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், மெல்லப் பேசுகிறவர்களின் வீட்டுக் குரல்களைக் கொடுத்து அதைப் பழக்கியிருந்தார்கள். குரல் அளவு தாண்டி, தாண்டிய இடத்திலேயே நின்றால் விளக்கு சிவக்கும். சிவந்தால் துறையின் வண்டி வரும். மூன்றாம் முறை சிவந்தால் ஆண்பிள்ளை மூன்று மாதம் வீட்டை விட்டுப் போக வேண்டும். அக்கரையில் அதற்கென்று தணிப்பு இல்லம் கட்டியிருந்தார்கள். யாரும் புகார் கொடுக்க வேண்டியதில்லை. வேண்டாம் என்று மனைவி கெஞ்சினாலும் நிற்காது. கெஞ்சுகிறவளை யார் கெஞ்ச வைத்தார்கள் என்று சட்டத்துக்குச் சந்தேகம்.

இந்த வீட்டில் இரண்டு முறை சிவந்துவிட்டது.

முதல் முறை, குறட்டை விடுவது யார் என்ற வழக்கு. கல்யாணம் ஆனதிலிருந்து நடக்கிற வழக்கு. தீர்ப்பு வந்துவிட்டால் இருவருக்கும் பொழுது போகாது. இரண்டாம் முறை, ஓசூரில் மகளுக்குக் குழந்தை பிறந்த காலை. சம்பத் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து, "பேத்தியா, பேத்தியா" என்று கத்தினான். இவள் அடுப்படியிலிருந்து, "ஆமாங்கறேன், ஆமாங்கறேன்" என்று கத்தினாள். வண்டியில் வந்த காவலர்களுக்குச் சர்க்கரை கொடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டே, "செவந்தது செவந்ததுதாங்கம்மா, எங்க கையில ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் தறிப்பேச்சுதான். குறட்டை வழக்கு பஸ் ஸ்டாண்டுக்கு மாற்றப்பட்டது. சாயங்காலம் அங்கே போய் நின்று வாய்விட்டுக் கத்திவிட்டு, டீ குடித்துவிட்டு வருவார்கள்.

உதட்டால் பேச வேண்டுமானால் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாணமான புதிதில்கூட இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் இத்தனை பார்த்ததில்லை. அவன் இடது கண்ணோரம் ஒரு மரு இருப்பதைப் பூங்கொடி இப்போதுதான் கண்டுபிடித்தாள். 'இது எப்ப வந்துச்சு?' 'பொறந்தப்பவே.' அடுப்படியில் நிற்கும்போதும் அவன் என்ன சொல்கிறான் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். அதில் முன்கையில் கல் இரண்டு மூன்று தரம் சுட்டுவிட்டது.

எல்லாம் இருந்தது, குரல் மட்டும் இல்லை. பூங்கொடி என்று கூப்பிடும்போது கடைசி எழுத்தை அவன் இழுப்பான். அந்த இழுப்பு இல்லாமல் தன் பெயரே பாதியாகிவிட்டதுபோல இருந்தது அவளுக்கு.

*

எட்டு மணி ஷிப்டுக்கு அவர்கள் கிளம்பும் முன்பே வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கிய பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். துறையின் நீலக் கோட்டு, தோளில் பை.

"பூங்கொடி அக்காங்களா? நான் சஹானா. இந்த ஏரியா செவி எல்லாம் என் பொறுப்பு."

"உள்ள வாங்க அம்மிணி." சொன்ன பிறகுதான் வீட்டுக்குள் தன் குரலைக் கேட்டாள். திடுக்கிட்டு நிலைக்கு மேலே பார்த்தாள். "நாங்க சத்தமே போடலீங்களே. எதுக்குங்க மஞ்சளாச்சு?"

"அதுக்குத்தாங்க்கா வந்தேன். ரெண்டு வாட்டி சிவந்த வீடு. அப்புறம் ஒரு மாசமா மனுஷக் குரலே இல்ல. பாத்திரம் உருள்ற சத்தம் இருக்கு, நடக்கற சத்தம் இருக்கு. பேச்சு இல்ல. கத்தற வீட்டைவிட வாயடைச்ச வீட்டுக்குத்தான் நாங்க அதிகமா பயப்படுவோம்."

சம்பத் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். புரிந்ததும் பூங்கொடியைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. ஒரே நேரத்தில் அடங்கியது.

"அண்ணா இங்கயே இருக்கட்டும். அக்கா, நாம பின்னாடி போலாம்."

பின்கட்டில் துவைக்கிற கல்லின்மேல் சஹானா உட்கார்ந்தாள். பழக்கப்பட்ட கண், முதலில் முன்கைக்குத்தான் போனது.

"இது என்னக்கா?"

"கல்லு சுட்டுருச்சுங்க."

"இது?"

"அதுவுங் கல்லுதானுங்க."

"ஒரே கல்லு, ஒரே மாசத்துல, மூணு தரம்."

பூங்கொடி அவளை நிமிர்ந்து பார்த்தாள். இந்தப் பெண்ணின் முகத்தில் கெடுதல் இல்லை. அக்கறைதான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"அம்மிணி, நாஞ் சொல்றத நம்போணும். அவரு பேசறத மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்குத் தெரியும். திரும்பிப் பாக்கறப்பச் சுடுது. நாங்க பேசிக்கிட்டுத்தான் இருக்கறோமுங்க. உங்க மிஷினுக்குக் கேக்காத மாதிரிப் பேசறோம்."

 இந்த மாதிரி சஹானா எத்தனையோ கேட்டிருப்பாள்.

"நம்பலைன்னா சோதிச்சுப் பாருங்க. உள்ள போயி அவருகிட்ட எதாச்சும் உதட்டால சொல்லுங்க. சன்னல் வழியா எனக்குச் சொல்லச் சொல்லுங்க."

சஹானா யோசித்தாள். எழுந்து உள்ளே போனாள். சன்னல் கம்பிக்குப் பின்னால் சம்பத்தின் முகம் வந்தது. உதடு கொஞ்ச நேரம் அசைந்தது. சஹானா திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"மேட்டூர்ல தண்ணி தொறந்துட்டாங்களாம்."

"சரிதான்." அவள் முகத்தில் முதல் முறையாக இளக்கம். "ஆனா அதுக்கு மேலயும் ஏதோ சொன்னாரே. நான் சொன்னது அவ்வளவுதான்."

பூங்கொடி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "இந்தப் புள்ள காலைல ஒண்ணும் சாப்புடல போலிருக்குது, கண்ணு உள்ள போயிருக்குது, ரெண்டு தோசை போடுன்னாருங்க."

*

சஹானா மூன்று தோசை சாப்பிட்டாள். சம்பத் தரையில் எதிரே உட்கார்ந்து அவள் உதட்டைப் படித்தான். அவன் மெல்லப் பேசத்தான் பார்த்தான். ஆனால் தன் குரல் எவ்வளவு என்பது அவனுக்கே தெரியாது. ஒவ்வொரு முறை வாய் திறந்தபோதும் பூங்கொடி கையைத் தாழ்த்திக் காட்டினாள், கொதிக்கிற பாலை அமர்த்துவதுபோல.

"காது மிஷின் வச்சுக்கோங்கண்ணா" என்றாள் சஹானா. "துறையே இலவசமாத் தருது. உங்களுக்குக் கேட்டா அக்கா கத்த வேண்டியதில்ல. நீங்களும் கத்த மாட்டீங்க."

"அரசாங்கத்துக்குக் காது சரியில்லைங்கறதுக்கு என்ற காதுல எதுக்குங்க மிஷினு?"

சஹானாவுக்குப் புரை ஏறியது. பூங்கொடி தண்ணீர் கொடுத்தாள்.

"வச்சுப் பாத்தேனுங்க. தறிக்குள்ள போனா மண்டைக்குள்ள ரயில் ஓடுது. கழட்டிட்டேன்."

"செவி உங்க வார்த்தை எதையும் கேக்காதுண்ணா. யாரும் ஒட்டுக் கேக்கக் கூடாதுன்னு அப்படித்தான் செஞ்சிருக்கு. குரலோட ஏத்த இறக்கம் மட்டும்தான்."

"அதானுங்க கோளாறு. வார்த்தையக் கேட்டிருந்தா சிரிச்சுருக்கும்."

சஹானா தட்டை நகர்த்திவிட்டு நிலைக்கு மேலே பார்த்தாள். "இந்தத் தெருவுல முதல்ல செவி வச்ச வீடு இதுதான்னு எங்க பதிவுல இருக்கு. எல்லாரும் வேண்டாம்னப்ப நீங்களே வந்து கேட்டு வாங்கியிருக்கீங்க."

"ஆமாங்க."

"ஏன்க்கா?"

பூங்கொடி கைகழுவப் போவதுபோல எழுந்தாள். பிறகு நின்றாள். பக்கத்து வீட்டைக் கைகாட்டினாள். அங்கே வாசுகி இருந்தாள். சேர்ந்து தறிக்குப் போகிறவர்கள், சேர்ந்து சினிமாவுக்குப் போகிறவர்கள். ஒரு மத்தியானம் அவள் புருஷன் அவளை அடித்தே கொன்றான். அன்று பூங்கொடிக்குக் காய்ச்சல். இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தாள். இரண்டு பக்கமும் தறி ஓடிக்கொண்டிருந்தது. தறிச் சத்தம்தான் கேட்டது. வாசுகி எவ்வளவு நேரம் கத்தினாள் என்பது யாருக்கும் தெரியாது.

இதை அவள் சஹானாவிடம் சொன்னபோது இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

"தறிச் சத்தத்தத் தள்ளிப்போட்டு மனுசச் சத்தத்த மட்டும் கேக்கும்னாங்க. அதுக்குத்தான் வாங்குனேனுங்க. கடைசி வீட்டுக் கவிதாவ அது காப்பாத்தியும் குடுத்துச்சு. நாங் குத்தஞ் சொல்லல."

சஹானா எழுந்து கை கழுவிவிட்டு வந்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன். மஞ்சளை என்னால அழிக்க முடியாது. இனிமே தினமும் இந்த வீட்ல பேச்சு கேக்கணும். பேசினா உங்களுக்குச் சிவக்கும். சிவந்தா அண்ணன் போயாகணும். ரெண்டுக்கும் நடுவுல உங்களுக்கு இடமே இல்ல."

"வேற வழி?"

"விலக்குன்னு ஒண்ணு இருக்கு. வீட்டுப் பொம்பள செவிக்குக் கீழ நின்னு, இது எனக்கு வேண்டாம்னு தன் வாயால சொல்லணும். சாதாரணக் குரல்ல. குரல் ஏறினாலும் நடுங்கினாலும் மிரட்டிச் சொல்ல வைக்கிறாங்கன்னு அது எடுத்துக்கும். சரியாச் சொன்னா விளக்கு அணைஞ்சிரும். நான் கழட்டிட்டுப் போயிருவேன். இதுவரைக்கும் இருந்த கணக்கும் போயிரும். ஆனா ஒருதரம் கழட்டின வீட்டுக்குத் திரும்ப வைக்க மாட்டாங்க. எப்பவுமே."

"அதென்னுங்க ஞாயம்? வீட்டுக் கதவ ஒருக்கா தொறந்தா மறுக்கா சாத்தப்படாதுங்களா?"

"இஷ்டத்துக்கு எடுக்கலாம் வைக்கலாம்னு விட்டா, அடிக்கறவன் அடிக்கற அன்னிக்கு மட்டும் எடுக்க வைப்பான்க்கா."

பூங்கொடி யோசித்தாள். "அதுவும் நெசந்தான்" என்றாள்.

பிறகு சம்பத்தின் பக்கம் திரும்பி, உதட்டால் சொன்னாள். 'கழட்டிரலாங்க.'

அவன் தலையை ஆட்டினான். 'வேண்டாம்.'

'என்ன வேண்டாம்?'

'நான் மூணு மாசம் போயிட்டு வந்தர்றேன். அது இருக்கட்டும்.'

'போயி?'

'அங்க சோறு போடறாங்களாமா. டிவி இருக்குதாமா.'

"டிவி பாக்கப் போறீங்களா?" என்றாள் பூங்கொடி. இது உதடு இல்லை. "எந்தலையில இடியப் போட்டுட்டு டிவி பாக்கப் போறீங்களா?"

"நாந்தான் சொல்றேனில்ல புள்ள, உனக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காக நீங்க ஒண்ணும் புடுங்க வேண்டாம். மூணு மாசம் நான் ஆருகூடப் பேசறது? இந்தச் செவுத்துகூடவா?"

"பேத்தியப் பாக்கப் போ. ஓசூருக்குப் போ."

"நீங்க இல்லாம நான் எங்க போயிருக்கறேன் இத்தன வருசத்துல? ஒரு பஸ்சு ஏறியிருக்கறனா?"

"அதத்தான் சொல்றேன். ஏறிப் பழகு."

"குறட்டை விடற மனுசன், ஊராளுக நடுவுல போயிப் படுத்தா ராத்திரியே வெளிய தூக்கிப் போட்டுருவாங்க."

"குறட்டை விடறது நானா? நானா புள்ள?"

சஹானா சுவரோரம் ஒட்டி நின்றிருந்தாள். எத்தனையோ வீடுகளுக்கு அவள் போயிருக்கிறாள், எல்லாம் சிவந்த பிறகு. சிவக்கும்போது ஒரு வீட்டுக்குள் நின்றது இதுதான் முதல் தரம். இருவரும் மூக்குக்கு மூக்கு நின்று கத்தினார்கள். கத்தும்போதே பூங்கொடியின் கை, அவன் தவறாகப் போட்டிருந்த பித்தானைக் கழற்றிச் சரியான காஜாவில் போட்டுக்கொண்டிருந்தது. அவன் அதற்கு வாகாகக் கழுத்தைத் தூக்கிக் கொடுத்தான். சஹானா சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பை அடக்குகிற முகமாகத்தான் இருந்தது, விளக்கைப் பார்க்கிற வரைக்கும்.

"அக்கா" என்றாள்.

விளக்கு சிவந்திருந்தது.

சம்பத்தின் வாய் பாதியில் நின்றது. பூங்கொடியின் விரல் பித்தானில் நின்றது. பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"நான் பாத்தேன்னு நான் சொல்லலாம்" என்றாள் சஹானா. "சண்டையே இல்லைன்னு சொல்லலாம். கேக்க மாட்டாங்க. மூணாவது சிவப்புக்கு மனுஷ சாட்சி செல்லாது. வண்டி பாலத்துகிட்டதான் நிக்கும், இப்ப கிளம்பியிருக்கும்." நிலைக்கு மேலே கைகாட்டினாள். "வண்டி வாசல்ல நிக்கறதுக்குள்ள விலக்கு சொல்லிட்டா எல்லாம் ரத்து. அப்புறம் முடியாது. நீங்க சொல்லணும்னு நான் சொல்லலக்கா. அதையும் நீங்க தெரிஞ்சுக்கணும்."

சம்பத் மூலையில் கிடந்த பையை எடுத்து உதறினான். கொடியிலிருந்து வேட்டியை உருவி உள்ளே வைத்தான். துண்டு, பல் துலக்கும் பிரஷ். அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் பேசுவாள் என்று தெரியும்.

பூங்கொடி நிலைக்குக் கீழே போய் நின்றாள். மெல்லப் பேச வேண்டும். பிறந்ததிலிருந்து அவளுக்கு மெல்லப் பேசிப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமினாள். செருமலே பெரிதாக இருந்தது. தெருமுனையில் வண்டியின் ஹாரன் கேட்டது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, தூங்க வைத்துவிட்டுச் சம்பத்தைச் சாப்பிட வரச் சொல்லி மெல்ல அழைப்பது நினைவுக்கு வந்தது. அந்தக் குரலைத் தேடினாள். எங்கேயோ கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"இது எனக்கு வேண்டாமுங்க" என்றாள்.

சஹானாவுக்கே சரியாகக் கேட்கவில்லை. செவிக்குக் கேட்டது. சிவப்பு ஒரு முறை மினுக்கி அணைந்தது. பச்சையோ மஞ்சளோ எதுவும் வரவில்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. சஹானா வெளியே போனாள். பேச்சுக் குரல் கேட்டது, ஒரு காவலர் சலித்துக்கொண்டார், கதவு சாத்துகிற சத்தம். வண்டி சந்தில் திரும்ப முடியாமல் பின்னோக்கியே போனது.

சஹானா திரும்பி வந்து ஸ்டூல் போட்டு ஏறி, திருகாணியைக் கழற்றினாள். கருவி இருந்த இடத்தில் வட்டமாகச் சுவர் வெளுத்திருந்தது. கருவியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள்.

"ஏதாச்சும்னா என் நம்பருக்குக் கூப்பிடுங்கக்கா. அது துறையோடது இல்ல, என்னோடது."

"எதாச்சும் இல்லைன்னாலும் வாங்க அம்மிணி. தோசை சாப்புட்டுப் போங்க."

ஸ்கூட்டர் போகிற வரைக்கும் பூங்கொடி வாசலில் நின்றாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. மேஸ்திரி கத்துவார். கத்தட்டும். வீட்டுக்குள் போய் அவனை என்னவெல்லாம் திட்ட வேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்தினாள். டிவிக்கு ஒன்று. ஓசூருக்கு ஒன்று. ஒரு மாதத்துப் பாக்கி நிறைய இருந்தது. அவன் பதிலுக்குக் கத்துவான். கடைசி எழுத்தை இழுத்துப் பெயரைச் சொல்வான். அதற்குத்தான் காத்திருந்தாள்.

உள்ளே போனாள்.

சம்பத் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பையிலிருந்து எதையும் வெளியே எடுக்கவில்லை. பை மடியிலேயே இருந்தது. சுவரில் வெளுத்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், அவள் வந்ததும் முகத்தைத் திருப்பினான்.

"இனிப் பேசுங்க" என்றாள் அவள், முழுக் குரலில். "எவ்வளவு சத்தமா வேண்ணாலும் பேசுங்க. எவன் கேக்கப் போறான்?"

அவன் அவள் கண்களைப் பார்த்தான். குரல் எடுக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

'நாளைக்கு நான் வேற ஆளா மாறிப்போனா, நீ கத்தறது ஆருக்குப் புள்ள கேக்கும்?'